குளிர்காலத்தில் ஹீட்டிங்: எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு?

வைகறை | சனி, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். குளிர் ஆரம்பிச்ச நாளிலிருந்து எங்க வீட்டில் தினமும் இதே பேச்சுதான். வீட்டுச் சூடு எவ்வளவு இருக்கணும் என்று வைக்கிற தெர்மோஸ்டாட்டை நான் 19க்குக் குறைப்பேன். கணவர் வந்ததும் 22க்கு ஏத்துவார். ராத்திரி படுக்கும்போது முழுசா அணைக்கணும் என்பது என் கட்சி. அணைத்தால் காலையில் திரும்பச் சூடேற்றவே அதைவிட அதிக கேஸ் ஆகும் என்பது அவர் கட்சி.

வீட்டில் நாங்க ரெண்டு பேர், ஏழு வயது மகள், ஐந்து மாதக் கைக்குழந்தை, 74 வயது மாமனார். தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் பாய்லர், அந்தத் தண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள், வெந்நீருக்குத் தனித் தொட்டி. தெர்மோஸ்டாட் நடைபாதைச் சுவரில் இருக்கு. மாமா கூடத்து ஜன்னலோரம்தான் உட்காருவார், 22 வைத்தாலும் "குளிருதும்மா" என்கிறார். படுக்கையறையில் எனக்கு மூச்சு முட்டுற மாதிரி இல்லை, ஆனா அலமாரிக்குப் பின்னாடி சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடிச்சிருக்கு. போன வாரம்தான் பார்த்தேன். குழந்தை தூங்குறது அந்த அறையில் என்பதால் மனசே சரியில்லை.

எத்தனை டிகிரி வைக்கிறீங்க, எந்த நேரத்துக்கு ஓட விடுறீங்க? காரணத்தோட சொன்னீங்கன்னா வீட்டில் எடுத்துச் சொல்ல வசதியா இருக்கும்.

கதகதப்பு | சனி, காலை 10.05

உங்க கணவர் சொல்றதுதான் சரி. நாங்க நவம்பரில் 20ல் வைத்தால் மார்ச் வரை தொடுறதே இல்லை. சுவர் ஒரு தடவை சூடு வாங்கிட்டா அப்புறம் பாய்லர் லேசாக ஓடினாலே போதும். சுவரை ஆற விட்டுத் திரும்ப ஏத்துறது வீண் வேலை.

கூதிர்காலம் | சனி, காலை 10.50

நான் தனியாள். வேலைக்குப் போகும்போது அணைச்சிடுவேன், வந்து மூணு மணி நேரம் 18. ராத்திரி கிடையாது. ரெண்டு அடுக்கு ஸ்வெட்டர், கனமான சாக்ஸ், படுக்கையில் வெந்நீர்ப் பை. ரொம்பக் குளிரும் நாளில் படுக்கையறையில் சின்ன கேஸ் அடுப்பு மாதிரியான நகர்த்துற ஹீட்டரைக் கொஞ்ச நேரம் எரிய விடுவேன்.

குழாய்வேலை | சனி, மதியம் 1.20

19 வருஷமாக ஹீட்டிங் வேலை பார்க்கிறேன். மத்ததுக்கு முன்னாடி கூதிர்காலம் தம்பிக்கு ஒரு வார்த்தை. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை மூடிய படுக்கையறையில் எரிக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருது என்றுதான் உடம்புக்குத் தோணும். எரியும்போது ஈரத்தையும் அறைக்குள்ளேயே விடும். அறையைச் சூடாக்க எண்ணெய் ரேடியேட்டர் மாதிரி மின்சார ஹீட்டர் ஒன்று போதும். கேஸ் பாய்லர் இருக்கிற வீட்டில் எல்லாரும் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்க.

இப்போ வைகறை கேட்டதுக்கு வர்றேன். "திரும்பச் சூடேற்ற அதிகம் செலவாகும்" என்பதை நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் கேட்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கேஸ் பாய்லருக்கு அது பொருந்தாது.

வீட்டை அடியில் ஓட்டை விழுந்த குடமாக நினைச்சுப் பாருங்க. தண்ணீர் மட்டம்தான் வீட்டின் சூடு. மட்டம் உயரமாக இருக்கும்போது ஓட்டையில் வேகமாக ஒழுகும், கீழே இறங்க இறங்க ஒழுகும் வேகம் குறையும். ராத்திரி முழுக்க மேல் மட்டத்திலேயே வைத்திருந்தால் ராத்திரி முழுக்க வேகமாக ஒழுகும், நீங்களும் ஊத்திக்கிட்டே இருக்கணும். இறங்க விட்டால் ஒழுகியதே குறைவு. காலையில் குடத்தை நிரப்ப ஊத்துறது ராத்திரி ஒழுகிப்போன அளவுதான், அதுக்கு மேல் ஒரு சொட்டு கூட இல்லை. காலையில் பாய்லர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுறது கண்ணில் படுது. ராத்திரி ஏழு மணி நேரம் விட்டு விட்டு ஓடியது யார் கண்ணிலும் படலை. அதனால்தான் அப்படித் தோணுது.

அமெரிக்க எரிசக்தித் துறையும் இதையேதான் சொல்லுது. நாளுக்கு 8 மணி நேரம், வழக்கமான அளவிலிருந்து 7 முதல் 10 ஃபாரன்ஹீட், அதாவது நம்ம கணக்கில் நாலு முதல் ஐந்தரை டிகிரி வரை குறைத்தால், வருஷச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சம் பிடிக்கலாமாம்.

ஆனால் உங்க வீட்டில் எவ்வளவு மிச்சமாகும் என்பது வீடு எவ்வளவு வேகமாக ஆறுது என்பதைப் பொறுத்தது. அதை அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ரெண்டு சாதாரணத் தெர்மாமீட்டர் வாங்கி ஒன்றைக் கூடத்தின் நடுவிலும் மற்றதைப் படுக்கையறையிலும் வையுங்க. ஒரு ராத்திரி ஹீட்டிங்கை அணைச்சிட்டு நடுநடுவே பார்த்துக் குறிச்சுக்கோங்க. குழந்தைக்குப் பால் கொடுக்க எப்படியும் எழுந்திருப்பீங்க. குழந்தை அறைக்கு மட்டும் அன்னிக்கு மின்சார ஹீட்டர் இருக்கட்டும். வெளியே எத்தனை டிகிரி என்பதையும் எழுதுங்க.

மாடிவீடு | சனி, மாலை 4.15

குழாய்வேலை அண்ணா சொன்னது கேஸ் பாய்லருக்குச் சரி. எங்க வீட்டில் காற்றிலிருந்து வெப்பம் இழுக்கும் ஹீட் பம்ப், தரைக்கடியில் குழாய். நானும் குடக் கணக்கை நம்பி முதல் குளிர்காலத்தில் ராத்திரி 16க்கு இறக்கினேன். கரன்ட் அளவு குறையவே இல்லை.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. ஹீட் பம்ப்புக்குத் தண்ணீரை எவ்வளவு சூடாக்கணும் என்பதுதான் எல்லாம். 35 டிகிரித் தண்ணீர் போதும் என்றால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் நாலு யூனிட் வெப்பம் தருது. 55 டிகிரி வேணும் என்றால் இரண்டரை தந்தாலே அதிகம். ராத்திரி ஆற விட்டதை விடியற்காலையில் அவசரமாக ஏத்தச் சொன்னதும் அது தண்ணீர்ச் சூட்டைக் கூட்டும். அதுக்கும் முடியலைன்னா உள்ளே இருக்கிற சாதாரண மின் கம்பி ஹீட்டர் சேர்ந்து ஓடும். அதுவும் வெளியில் ஆகக் குளிரான நேரத்தில். ஒழுகினது குறைஞ்சதுதான், ஆனால் திரும்ப ஊத்தின ஒவ்வொரு சொம்புக்கும் கூலி கூடிப்போச்சு.

இப்போ பகலில் 20.5, ராத்திரி 19.5. தரைக்கடிக் குழாய் என்பதால் இறங்கவும் பல மணி நேரம், ஏறவும் பல மணி நேரம். டைமரில் அதிகம் விளையாடுறதில்லை. கதகதப்பு சொன்ன முறை எங்க மாதிரி வீட்டுக்குப் பொருந்தும்.

ஊர்க்குருவி | சனி, இரவு 8.30

வைகறை, எங்கட வீட்டிலயும் அலுமாரிக்குப் பின்னால இதே கறுப்பு வந்தது. மூண்டு குளிர்காலம் சுவரைத் துடைச்சுத் துடைச்சே களைச்சுப் போனன். பிறகுதான் ஈரப்பதம் காட்டுற சின்னக் கருவி ஒண்டு வாங்கி வச்சுப் பாத்தன்.

நாங்கள் செய்த பிழை என்னண்டா, காசை மிச்சம் பிடிக்கப் படுக்கையறை ரேடியேட்டரை மூடிப்போட்டுக் கதவைத் திறந்து விட்டனாங்கள், கூடத்துச் சூடு அங்கயும் போகட்டும் எண்டு. சூட்டோட ஈரமும் போகும் எண்டு யோசிக்கேல்ல. 20 டிகிரியில 60 சதவீத ஈரப்பதமா இருக்கிற காத்து, 14 டிகிரி அறைக்குள்ள போய் ஆறினால் 88 சதவீதமாகிடும். அலுமாரி வெளிச்சுவரோட ஒட்டி நிண்டால் பின்னால காத்தே ஓடாது, அந்தச் சுவர் இன்னும் குளிர். அதே காத்து 12 டிகிரிச் சுவரில பட்டால் தண்ணியாவே படியும். தண்ணி தெரியிற வரைக்கும் பூஞ்சை காத்திருக்காது, சுவரோட ஒட்டின ஈரப்பதம் 80 தாண்டி நிண்டாலே காணும்.

நான் செய்தது: அலுமாரியை ஒரு கை அகலம் முன்னுக்கு இழுத்தன். பாவிக்காத அறையையும் 16க்குக் கீழ விடுறேல்ல, அதின்ர கதவைச் சாத்தி வைக்கிறன். ஈர உடுப்பை வீட்டுக்குள்ள காயப்போட்டால் ஒரு தடவைக்கே லீற்றர்க் கணக்கில தண்ணி காத்தில கலக்கும், அதால ஒரே அறையில போட்டுக் கதவைச் சாத்தி யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுறன். காலமையும் பின்னேரமும் பத்து நிமிசம் எல்லா யன்னலையும் அகலத் திறப்பன். சுவர் ஆறுறதுக்கு முன்னம் காத்து மட்டும் மாறும். நாள் முழுக்கச் சின்ன இடுக்கு விடுறதைவிட இது நல்லம். ரெண்டு வருசமாப் பூஞ்சை இல்லை.

இரவுப்பணி | ஞாயிறு, காலை 6.50

நான் செவிலி. குழந்தையையும் பெரியவரையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வீட்டுச் சூழல் வழிகாட்டுதலில், குளிர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அது பொதுவான மக்களுக்கு. முதியவர்கள், குழந்தைகள், நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். வயதானவர்களுக்குக் குளிர் உறைப்பதே தாமதமாகத்தான். உங்கள் மாமனார் குளிருகிறது என்று வாய்விட்டுச் சொல்கிறாரே, அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதுவும் சொல்லாமல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பகலில் 20, 21 வைப்பது அவருக்கு நியாயமானதுதான்.

குழந்தைக்குத் தலைகீழ். அங்கே பயம் அதிகச் சூட்டைப் பற்றியது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி வரை சொல்கிறது. அளவுக்கு மீறிய சூடு, தூக்கத்தில் திடீரென நேரும் குழந்தை மரணத்தின் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று. கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்து இன்னொரு போர்வை போடாதீர்கள், அவை குளிர்ந்திருப்பது இயல்பு. நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். வியர்வை பிசுபிசுத்தால் ஓர் அடுக்கு குறையுங்கள். ரேடியேட்டர் பக்கத்தில் தொட்டில் வேண்டாம்.

ஆக ஒரே வீட்டில் இரண்டு அளவு வேண்டும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் சண்டை போட்டால் முடிவே வராது.

வைகறை | ஞாயிறு, காலை 11.15

இவ்வளவு பொறுமையாக எழுதினதுக்கு எல்லாருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா எழுதினதை மாமாவுக்கே படிச்சுக் காட்டினேன். ஒன்றும் சொல்லலை, தலையை மட்டும் ஆட்டினார். தெர்மாமீட்டர் வாங்கிட்டேன், இன்னைக்கு ராத்திரி அளக்கிறேன்.

அதுக்குள்ளே ஒரு கேள்வி. வெந்நீர்த் தொட்டி 60ல் இருக்கு. குளிக்க எப்படியும் பச்சைத் தண்ணீர் கலக்கிறோம். 45க்குக் குறைத்தால் கேஸ் மிச்சமாகும்தானே?

குழாய்வேலை | ஞாயிறு, மதியம் 12.05

வேண்டாம். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில்தான் பெருகும். தொட்டியில் 60 இருக்கட்டும். சூட்டுக்காயம் பயமாக இருந்தால் குளியலறைக் குழாய்க்கு முன்னால் கலவை வால்வு மாட்டலாம்.

குறைக்க வேண்டிய இடம் வேறு. பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு தனியாகக் குமிழில் இருக்கும். நிறைய வீடுகளில் 75, 80ல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்போதைய பாய்லர்கள் புகையிலுள்ள நீராவியைக் குளிர வைத்து அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை. ஆனால் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். வெந்நீர்த் தொட்டிக்கும் அதே குமிழ்தான் என்றால் 65க்குக் கீழே போகாதீங்க, தொட்டி 60ஐ எட்டாது. ரேடியேட்டருக்குத் தனிக் குமிழ் என்றால் 60க்கு இறக்கிப் பாருங்க. ரேடியேட்டரின் சூடு முன்னைவிடக் குறையும், அறை ஏறக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். மகள் ஓடி வந்து தொட்டாலும் 80ல் இருப்பதைவிட ஆபத்து குறைவு.

கூதிர்காலம் | ஞாயிறு, இரவு 9.30

அண்ணா, கேஸ் ஹீட்டரை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அலாரமும் வாங்கிட்டேன். இன்னொன்று கேட்கணும். அடுத்த மாதம் பத்து நாள் வீட்டில் இருக்க மாட்டேன். முழுசா அணைச்சுட்டுப் போகலாமா?

குழாய்வேலை | ஞாயிறு, இரவு 10.10

ரொம்பச் சந்தோஷம் தம்பி. முழுசா அணைக்காதீங்க, 12ல் விட்டுட்டுப் போங்க. சுவருக்குள்ளே போகும் குழாயில் தண்ணீர் உறைந்தால் விரியும், குழாய் வெடிக்கும். உறைந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. உருகும்போதுதான் வீடெல்லாம் தண்ணீர். வெளிச்சுவரை ஒட்டின சிங்க் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்க, அங்கேயும் சூடு போகட்டும். முடிந்தால் தண்ணீரின் பிரதான வால்வையும் மூடிட்டுப் போங்க.

வைகறை | திங்கள், காலை 10.25

அளந்தாச்சு. வெளியே ராத்திரி முழுக்க 3 டிகிரியை ஒட்டியே இருந்துச்சு. கூடத்து நடுவில்:

இரவு 10.30: 21.0
12 மணி: 19.6
விடிகாலை 3 மணி: 18.0
6 மணி: 16.8

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. சாயங்காலம் தெர்மோஸ்டாட் 22 காட்டும்போது கூடத்து நடுவில் 21, மாமா நாற்காலியில் 18.5, படுக்கையறையில் 19. ஏன் இப்படி என்று தெர்மோஸ்டாட் பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். சரியாக அதுக்குக் கீழே அலமாரித் தட்டில் வைஃபை ரௌட்டர். அதிலிருந்து இளஞ்சூடாகக் காற்று நேராக மேலே ஏறுது. ரெண்டு வருஷமாக அங்கேதான் இருக்கு. எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தேன். அரை மணி நேரத்தில் தெர்மோஸ்டாட்டும் கூடத்துத் தெர்மாமீட்டரும் ஒரே எண்ணைக் காட்டின.

குழாய்வேலை | திங்கள், இரவு 8.45

அருமையாக அளந்திருக்கீங்க அம்மா. காகிதத்தில் கணக்குப் போட்டேன்.

வெளியே 3, உள்ளே 21. வித்தியாசம் 18. வீடு இழக்கும் வெப்பம் இந்த 18ஐப் பொறுத்தது. நீங்க அணைத்த ஏழரை மணி நேரத்தில் சராசரியாகக் கூடம் 18.5ல் இருந்திருக்கு, அதாவது அந்த நேரத்தில் வித்தியாசம் 18 இல்லை, 15.5தான். இதை நாள் முழுக்கப் பரப்பினால் மிச்சம் 4 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுது. அப்போ அணைக்கலாம் என்ற உங்க கட்சி சரிதான்.

ஆனால் இதையும் பாருங்க. முழுசா அணைக்காமல் "18க்குக் கீழே போகாதே" என்று தெர்மோஸ்டாட்டில் வைத்திருந்தால், விடிகாலை 3 வரை அது ஓடியிருக்கவே ஓடியிருக்காது. அதுக்கப்புறம் 18ல் பிடித்து வைத்திருக்கும். அப்படி வைத்தாலும் மிச்சம் 4 சதவீதத்தைத் தொடும். வித்தியாசம் அரை சதவீதம் கூட இல்லை. அந்த அரை சதவீதத்துக்காகப் பெரியவர் விடியற்காலை 16.8ல் எழுந்து நடக்க வேண்டியதில்லை.

அடுத்தது பகல். விழித்திருக்கும் பதினாறரை மணி நேரமும் 21ஐ 20 ஆக்கினால் அதுவும் ஏறக்குறைய அதே 4 சதவீதம். நீங்க ரெண்டு பேரும் ராத்திரியை வைத்து வாதாடுறீங்க, பகலில் ஒரே ஒரு டிகிரியில் அதே அளவு கிடைக்குது. வெளியே 10, 11 டிகிரி இருக்கும் நாளில் ஒரு டிகிரிக்குப் பத்தில் ஒரு பங்கு வரை மிச்சம் வரும். காற்று புகுகிற பழைய வீடாக இருந்தால் ராத்திரி நாலு மணி நேரத்திலேயே 14க்கு இறங்கியிருக்கும், அங்கே இரவில் குறைப்பதுதான் பெரிய மிச்சம். உங்க வீடு நடுத்தரம்.

பெரியவருக்குக் குளிர்வதுக்குக் காரணம் ஜன்னல். உடம்பு உணர்வது காற்றின் சூட்டை மட்டும் இல்லை, சுற்றிலும் உள்ள பரப்புகளின் சூட்டையும் சேர்த்துத்தான், ஏறக்குறைய ரெண்டுக்கும் சராசரி. குளிர்ந்த கண்ணாடி பக்கத்தில் இருந்தால் தெர்மோஸ்டாட்டை 23 ஆக்கினாலும் அந்தத் தோள் பக்கம் குளிரும். நாற்காலியை உள்சுவர்ப் பக்கம் போடுங்க. இருட்டினதும் கனமான திரையை இழுத்து விடுங்க, ஆனால் திரை ரேடியேட்டரை மூடாமல் அதுக்கு மேலேயே நிற்கணும்.

படுக்கையறை ரேடியேட்டர் வால்வில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். 3 என்பது சுமார் 20 டிகிரி, 2 சுமார் 16. உங்களுக்கு ரெண்டுக்கும் நடுவில். தெர்மோஸ்டாட் இருக்கும் நடைபாதை ரேடியேட்டர் வால்வை மட்டும் முழுசாகத் திறந்தே வையுங்க. அதை மூடினால் தெர்மோஸ்டாட் கேட்கும் சூடு வரவே வராது, பாய்லர் ஓய்வில்லாமல் ஓடும்.

கதகதப்பு | திங்கள், இரவு 9.50

நான் இதுவரை அளந்ததே இல்லை. எங்க வீட்டிலும் கேஸ்தான். அண்ணாவின் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை, இந்த வாரம் நானும் அளந்து போடுறேன். ஒன்றே ஒன்று, காலையில் எழுந்திருக்கும்போது வீடு சில்லென்று இருந்தால் என்னால் முடியாது. அதுக்கு எத்தனை மணிக்குப் போடணும் என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மாடிவீடு | செவ்வாய், காலை 7.30

அதையும் அளக்கத்தான் வேணும். ஒரு காலை நேரம், ஒரு டிகிரி ஏற எத்தனை நிமிஷம் என்று குறிச்சுக்கோங்க. அவசரத்துக்கு 28, 30 என்று திருகி வைக்கிறவங்க உண்டு, அதனால் ஒரு நிமிஷம் கூட முன்னாடி சூடாகாது. தெர்மோஸ்டாட் பாய்லரை ஓடு, நில் என்று மட்டும்தான் சொல்லும். மறந்துட்டா 30 வரை ஏறித் தொலைக்கும். சில புது தெர்மோஸ்டாட்கள் வீடு ஏறும் வேகத்தைத் தானே கற்றுக்கிட்டு, "7 மணிக்கு 20 வேணும்" என்று சொன்னால் எப்போ ஆரம்பிக்கணும் என்பதை அதுவே முடிவு பண்ணும்.

வைகறை | சனி, காலை 8.10

ஒரு வாரம் ஆச்சு, சொல்லிட்டுப் போகலாம் என்று வந்தேன். எங்க வீட்டில் ஒரு டிகிரி ஏற 45 நிமிஷம் ஆகுது. அதனால் 5.30க்கு ஆரம்பம், 7 மணிக்கு 20. பகல் முழுக்க அப்படியே, வீட்டில் நாங்க மூணு பேர் எப்போதும் இருக்கோம். ரேடியேட்டர் அணைத்த பிறகும் அரை மணி நேரம் சூடாக இருப்பதால் இரவு 10க்கே 18க்கு இறங்கச் சொல்லிட்டேன். குழந்தை அறை வால்வு ரெண்டரையில், அறை 18ல் நிற்குது. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் 60.

அலமாரியை இழுத்துச் சுவரைத் துடைச்சாச்சு. ஊர்க்குருவி அக்கா சொன்ன பத்து நிமிஷ ஜன்னல் இப்போ என் மகளின் வேலை, கடிகாரம் பார்த்துத் திறந்து மூடுறா.

மாமா நாற்காலி இப்போ புத்தக அலமாரி பக்கம். முதல் ரெண்டு நாள் வெளியே பார்க்க முடியலை என்று வருத்தப்பட்டார், பகல் வெயில் நேரத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் போட்டுக் கொடுக்கிறேன். முந்தாநாள் சாயங்காலம் மஃப்ளரைக் கழட்டி நாற்காலிக் கையில் போட்டிருந்தார். அப்போ கூடத்தில் 20 டிகிரி. கணவரும் பார்த்தார், தெர்மோஸ்டாட்டைத் தொடலை.

அண்ணா, ஒரு சின்ன சந்தேகம் மட்டும். மகள் அறை ரேடியேட்டர் மேலே நல்ல சூடு, கீழே நடுவில் சில்லென்று இருக்கு. ரேடியேட்டருக்குள் அடைத்திருக்கும் காற்றை வெளியே விட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை.

குழாய்வேலை | சனி, காலை 9.00

காற்று அடைத்திருந்தால் மேலே ஆறிப்போய்க் கீழே சூடாக இருக்கும். உங்களுக்குக் கீழே ஆறியிருக்கு, அப்போ அடியில் துருச்சேறு தங்கியிருக்கு. நீங்களாகக் கழற்ற வேண்டாம், கறுப்புத் தண்ணீர் கொட்டினால் தரையெல்லாம் கறை. அந்த ஒரு ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவச் சொல்லுங்க, ஒரு காலை வேலைதான். மாட்டும்போது துரு பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் மருந்தையும் ஊத்தச் சொல்லுங்க.